நெடுவயல் அமைச்சரின் இருண்ட திரை

மலை நனைக, மடை நிறைக, இரு கரையிலும் நாற்று நிமிர்க. குறும்பொறை நாட்டின் ஏழு வாயில்களுக்கும் உரியவராகிய சேந்தன்மாதேவியார், நெடுவயல் நாடாளும் வேந்தர் கோடைவேளார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் கரை தாங்கி நிற்கின்றனவா, தங்கள் தாயாரின் முழங்கால் வலி தணிந்ததா என்று அரசியார் முதற்கண் கேட்கிறார். இங்கு யாவரும் நலம். சினம் மட்டும் சற்று மிகுதி.

தங்கள் ஓலை செவ்வாயன்று வந்து சேர்ந்தது. தங்கள் அமைச்சர் எயினந்தையாரின் கணினி இருண்டுவிட்டதென்றும், இரு நாட்டு ஆற்றுநீர்ப் பங்கீட்டு உடன்படிக்கை அதற்குள்ளே அகப்பட்டிருப்பதாகவும், வரும் பௌர்ணமியன்று கூட்டுச் சபையில் அதை வாசிக்காவிட்டால் இவ்வாண்டு கடைமடை நிலங்களுக்குத் தண்ணீர் இல்லையென்றும், இத்தனையும் தெரிந்தும் எம் அரண்மனை ஓலைகளை எழுதும் ஓலைநாயகி நல்லினியார் உதவ மறுத்துக் கல்லாக அமர்ந்திருக்கிறாரென்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு பெண்மணிக்கு இத்தனை வன்மம் ஆகுமா என்றும் ஒரு வரி இருந்தது. ஆகும், வேந்தரே. எப்படி ஆயிற்றென்று கேளுங்கள்.

இரு நாட்டு அலுவலகங்களும் லினக்ஸ் கணினிகளைக் கொண்டே நடப்பதும், பழுது வந்தால் கேட்பதற்கு இணையத்தில் பயனர் மன்றம் ஒன்றே உள்ளதென்பதும் தாங்கள் அறிந்ததே. அங்கே விடை சொல்பவர்கள் எல்லாம் தாமாக முன்வந்தவர்கள்; படகோட்டியும் இருப்பார், பண்டிதரும் இருப்பார். அந்த மன்றத்தின் முறை என்னவென்றால், கேட்பவர் ‘இழை’ என்னும் புதிய உரையாடல் ஒன்றைத் தொடங்கி எல்லோர் முன்பும் கேட்க வேண்டும், கடைசியாகத் தாம் செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். விடையும் எல்லோர் முன்பும்தான். நாளை இன்னொருவர் இதே பழுதோடு வந்து தேடும்போது அவருக்கும் அது கிடைக்க வேண்டுமல்லவா.

ஏழாண்டுகளுக்கு முன், அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், அப்போதுதான் பணியேற்றிருந்த நல்லினியாரின் கணினி முரண்டு பிடித்தது. விழா அறிவிப்பை அச்சிட்டால் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்களாக வந்தன. அவர் முறைப்படி மன்றத்தில் கேட்டார். அந்நாளில் மன்றத்தின் முதல்வராயிருந்த எயினந்தையார் எழுதிய விடையை, எழுதியபடியே இங்குத் தருகிறோம்:

“அம்மணி, கையேடு என்று ஒன்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வாருங்கள். படிப்பது சிரமமென்றால் எழுத்தாணி எங்கும் போய்விடவில்லையே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த இழை பூட்டப்பட்டது.”

பூட்டியும் விட்டார், இனி யாரும் விடை எழுத முடியாதபடி. எழுத்துக்குத்தான் பூட்டு; கீழே முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். முடிசூட்டு நாளில் ஏழு வாயில்களிலும் கட்டங்கள் தொங்கின. புதிய அரசியார் பாய் முடைய மாதிரி கொடுத்திருக்கிறார் போலும் என்று வெளியூர் வணிகர்கள் பேசிக்கொண்டார்கள். அரசியாரின் காதிலேயே அது விழுந்தது.

விழா முடிந்து எட்டாம் நாள், துறைப்படகு ஓட்டும் மருதி என்பவர் வேறோர் இழையில் நல்லினியாரைத் தேடிப் பிடித்து, “அக்கா, உங்க பெட்டியில தமிழ் எழுத்துருவே இல்ல, அவ்வளவுதான். இந்தப் பேரைப் போட்டு நிறுவுங்க. இதுக்குப் போயா அந்த ஆளு அப்படிக் குதிச்சாரு?” என்று எழுதினார். ஒரே வரி வேலை. அந்த ஒரு வரியைச் சொல்ல மனமில்லாதவரை நல்லினியார் மறக்கவில்லை. அன்று முதல் கையேடுகளைப் படித்தார். படித்ததை மன்றத்தில் கொட்டினார். நாலாம் ஆண்டில் மன்றமே அவரை முதல்வராக்கியது. எயினந்தையாரோ அமைச்சரானார், மன்றப் பக்கம் வருவதை விட்டார்.

இனி நடந்தது பதினொரு நாள் முந்தையது. நல்லினியாருக்கு எயினந்தையாரிடமிருந்து ஒரு தனிமடல் வந்தது. “அன்புச் சகோதரிக்கு, நாம் முன்பு பேசியதில்லை. ஆயினும் தங்கள் புகழ் கேட்டிருக்கிறேன். என் கணினி தானாகவே இருண்டுவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. இது வெளியே தெரிய வேண்டாம்.”

பேசியதில்லையாம்! அந்த ஒரு சொல்லை நல்லினியார் நாலு தடவை படித்தார். திட்டியது நினைவிருந்தால்கூட ஒருவேளை மனம் இளகியிருக்கும். அவருக்கு நினைவே இல்லை.

நல்லினியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கணினி தான் செய்வதையெல்லாம் குறித்து, அலுவலகப் பொதுக் கணினியிலும் ஒரு படி வைக்கும் பதிவுக் கோப்பை அனுப்புங்கள் என்று. அமைச்சர் திறந்தும் பாராமல் அனுப்பிவிட்டார். அதில் எல்லாம் இருந்தது. பழைய பாட்டுச் செயலி ஒன்றை நீக்கப் போயிருக்கிறார். அதை நீக்கினால் மேசைத்திரை உட்பட நூற்று நாற்பத்தொரு மென்பொருள் பொதிகள் கூடவே போய்விடும் என்று கணினி பட்டியல் போட்டு எச்சரித்திருக்கிறது. மெய்யாகவே வேண்டுமென்றால் ‘ஆம், நான் சொன்னபடியே செய்’ என்று முழுதாக எழுதச் சொல்லியிருக்கிறது. அமைச்சர் பட்டியலைப் படிக்கவில்லை. முழுதாக எழுதியிருக்கிறார்.

நல்லினியார் சிரித்த சிரிப்பு அடுக்களை வரை கேட்டதென்று மடைப்பள்ளியார் சொல்கிறார்கள். பௌர்ணமி வரை வாயே திறப்பதில்லை, சபை நடுவே அந்த மனிதர் வெறுங்கையோடு நிற்கட்டும் என்று முடிவு கட்டி, மருதிக்கும் அதைச் சொன்னார். மருதி எழுதிய மறுமொழி: “அக்கா, கடைமடையில எங்க அண்ணன் நிலம் இருக்கு. பழி வாங்குங்க, நான் வேண்டாங்கல. ஆனா தண்ணிய விட்டுட்டு ஆளை மட்டும் வாங்குங்க.”

நல்லினியார் ஒரு வெற்றிலை போடும் நேரம் யோசித்தார். பிறகு, அமைச்சருக்குத் தனியே ஒரு சொல்லும் எழுதாமல், மன்றத்தில் எல்லோர் முன்பும் புதிய இழை ஒன்றைத் தொடங்கினார். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைக. இணையக் கம்பியைச் செருகுக. மேசைத்திரைப் பொதியை மீண்டும் நிறுவுக. கோப்புகள் எதற்கும் சேதமில்லை, அஞ்சற்க. கட்டளைகள் எழுத்துப் பிசகாமல் அங்கே இருக்கின்றன. அந்த இழைக்கு அவர் இட்ட தலைப்பு: “நெடுவயல் அமைச்சர் எயினந்தையார் போலப் படிக்காமல் ‘ஆம்’ என்று எழுதித் திரையை இருளச் செய்தவர்கள் மீளும் வழி.”

ஆகவே வேந்தரே, உதவி மறுக்கப்படவில்லை. தனிமடல் வந்த அன்று மாலை முதல் அது பொதுவில் கிடக்கிறது. ஐம்பத்திரண்டு பேர் அதைப் பார்த்துத் தம் கணினிகளை மீட்டு, நன்றியும் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் அமைச்சர் ஒருவர்தான் மன்றத்தில் தேடிப் பாராமல் தங்களைக் கொண்டு ஓலை எழுதுவித்து, அதைச் சுமந்து வந்த குதிரையையும் நொண்டியாக்கியிருக்கிறார். பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. வேலை அரை நாழிகை.

அரசியாரின் ஆணை யாதெனின்: அந்த இழை பூட்டப்படாது, நீக்கப்படாது, தலைப்பில் ஓர் எழுத்தும் மாறாது. மாற்றக் கோரி நெடுவயலிலிருந்து இன்னோர் ஓலை வருமாயின், அவ்வோலையும் அதன் இலச்சினையும் படமெடுக்கப்பட்டு, அதே இழையின் கீழ், யாவரும் காண ஒட்டப்படும்.

நீர் பெருகுக, நட்பு நிற்க. யானைத் தந்தப் பிடியுடைய முத்திரை இட்டோம். எழுதினவர் ஓலைநாயகி நல்லினியார், எழுத்தாணி கொண்டு, தம் கைப்பட.