டீக்கடையில் கொடுத்த பில்லை

அண்ணா,

எதிர்வீட்டுப் பெண் மயில் பார்க்கப் போக பைனாகுலர் கேட்டாள். உறையைக் கவிழ்த்தேன். கார்வார் மணலோடு உன் பித்தளைப் பில்லையும் மேசையில் விழுந்தது. நான்தான் அதில் போட்டு வைத்திருந்தேன், மறந்துபோயிற்று.

கார்வார் கடற்கரைக்குப் போன அந்த லீவு நாளில் காலையெல்லாம் பாறைமேல் உட்கார்ந்து பறவை பார்த்தோம். கடற்காகங்கள் கூட்டமாகக் கிளம்பினால், "ஃபர்ஸ்ட் ஷிப்ட் போவுது" என்பாய். மேலேயே சுற்றிக்கொண்டிருந்த செம்பருந்துக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாய். பேச்சுவாக்கில் என் பங்கு வடையையும் தின்று தீர்த்தாய்.

படகேறும் நேரத்தில்தான் வம்பு. நீ வேலை பார்த்த சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி உள்ளே இறங்குகிறவர்கள், நம்பர் போட்ட பில்லையை மேலே கொடுத்துவிட்டுப் போவார்கள். திரும்ப வந்து வாங்கப்படாத பில்லை இருந்தால், ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கம் மூடியும் உன் பில்லை உன் பையிலேயே இருந்தது. அதை டீக்கடை அம்மாவிடம் நீட்டினாய்.

"கடல் மேலதானே போறோம், இதுக்கு இன்னா வேலை?" என்றேன்.

"கீழ தண்ணி இருக்குது இல்ல? நீங்க வெச்சிக்கோங்கம்மா."

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ காசு என்று நினைத்து இரண்டு டீ போட்டுவிட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

டால்பின் மட்டும்தான் வரும் என்று சொல்லியிருந்த படகுக்காரர், நடுவில் எஞ்சினை நிறுத்தினார். "திமிங்கிலா. அல்லி நோடி" என்று கன்னடத்தில் சொல்லிக் கை காட்டினார். நான் திரும்புவதற்குள் அது முங்கிவிட்டது. மறுபடி வரும்வரை நீயும் மூச்சை அடக்கிக்கொண்டாய். சுரங்கத் தூசி அடைத்த நெஞ்சு, மூச்சை அடக்காதே என்று டாக்டர் அத்தனை சொல்லியும் நீ கேட்கவில்லை. உன் உதடு நீலம் பாரித்தது. பயத்தில் நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேஜ் மேல வந்துட்ச்சி" என்று மூச்சை விட்டாய். "பாத்தியா?"

"பாத்தேன்."

கரையேறியதும் டீக்கடை அம்மாவிடம் பில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டாய். ஊரெல்லாம் திமிங்கிலத்தைப் பற்றிச் சொல்லி, என்னைச் சாட்சிக்கு இழுத்தாய். நானும் தலையாட்டினேன். கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தபோதும், பில்லையை என் கையில் வைத்து, "நீயும் பாத்த இல்ல?" என்றாய்.

"பாத்தேண்ணா" என்றேன்.

நான் பார்க்கவில்லை, அண்ணா. உனக்கும் அது தெரிந்துதான் அத்தனை முறை கேட்டாயோ என்னவோ. நான் பார்த்தது நீ மூச்சு விட்டதை மட்டும்தான். அன்றைக்கு எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பைனாகுலரை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். பில்லை என்னிடம்தான் இருக்கிறது. நீ இன்னும் வந்து வாங்கவில்லை.