பழைய பத்து வார்த்தைகள்

திருப்பாதிரிப்புலியூர்
13.3.2011

அன்புள்ள வினோதினிக்கு,

நான் உனக்கு எழுதுவதற்காக முதலில் மன்னித்துக்கொள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் என்று எழுதுவதா நீ என்று எழுதுவதா என்றே ரெண்டு தாளை வீணாக்கிவிட்டேன். அப்பா உன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் நீ என்றே வருகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை இளவரசுவும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும் என்று சாமி கும்பிடும்போது தினமும் சொல்லிக்கொள்கிறேன். இங்கே அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, நடை அப்படியே இருக்கிறது. உடம்பைப் பற்றி மட்டும்தான் நிம்மதியாக எழுத முடிகிறது.

உன் அம்மா போனபிறகு நான் இங்கே வந்தது உனக்குப் பிடிக்கவில்லை. உன் இடத்தில் இருந்தால் எனக்கும் பிடித்திருக்காது, அதனால் அதைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. நீ போன் செய்யும்போது அப்பா இருக்காரா என்று கேட்பாய், இதோ குடுக்கறேன் என்பேன், அதோடு சரி. அப்பா பக்கத்திலேயே நிற்பதால் அந்த நேரத்தில் என்னால் எதுவும் சொல்ல முடிவதில்லை. தனியாகப் பேசலாம் என்று ரெண்டு தடவை பூத்துக்குப் போய், நம்பரைப் போடாமலே திரும்பி வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் காலேஜ் வரைக்கும் படித்தவள் நான் ஒருத்திதான், நர்சரி ஸ்கூலில் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறேன், ஆனால் போனை எடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுதினால் கொஞ்சம் வரும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே கரண்ட் கட் ரொம்ப ஜாஸ்தி. கிணற்று மோட்டார் எரிந்துபோய் உள்கம்பி மாற்றிக் கட்டி வந்திருக்கிறது. பின்பக்கத்துத் தென்னை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, எதிர்வீட்டுத் தைலம்மாளுக்கும் அஞ்சாறு கொடுத்தேன், உன்னை விசாரித்தாள். இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நம் தெருவில் வயதானவர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடக்கிறதே, அப்பா உன்னிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார். சென்னையிலிருந்து வருகிறார்கள். வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் ஒரே ஆட்களையே திரும்பத் திரும்ப வந்து பார்ப்பார்கள். வயதானபிறகு சிலர் மட்டும் எப்படித் திடமாக இருக்கிறார்கள், சிலர் ஏன் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இப்படிப் பல வருஷம் பார்த்தால்தான் முடியுமாம். ரேகா என்று ஒரு பெண் வருவாள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொல்வாள், தரையில் டேப் ஒட்டி நடக்கச் சொல்வாள், ஒரு மிஷினைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொல்வாள். தைலம்மாள் அதை இறுக்கிப் பிடித்துவிட்டு, "ஏம்மா, இவ்ளோ பலம் இருக்குதுன்னு எழுதிக்கினு போய் எனக்கு என்னா மூட்டை தூக்குற வேலையா குடுக்கப் போறீங்க?" என்று கேட்டு அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டாள். கடைசியில் பத்து வார்த்தை சொல்வாள், எல்லா வருஷமும் அதே பத்துதான். உடனே ஒருமுறை திருப்பிச் சொல்லவேண்டும், வேறு கேள்விகளெல்லாம் கேட்டுமுடித்த பிறகு இன்னொருமுறை சொல்லவேண்டும். ஞாபகம் எப்படி இருக்கிறது என்பதற்கு அது.

நம் ஜனங்களுக்கு அது ஆராய்ச்சி என்று எங்கே தெரிகிறது, பரீட்சை என்றுதான் நினைத்தார்கள். யார் வீட்டுத் தாத்தா எத்தனை சொன்னார் என்று குழாயடியில் பேச்சு. அப்பா அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்காருவார். கண்டக்டராக இருந்தவர் அல்லவா, பத்தையும் ஸ்டாப்பிங் பேர் சொல்வதுபோல வரிசையாகச் சொல்லிவிடுவார். பக்கத்துவீட்டுச் சுப்பராயலு மாமா மதில்மேல் எட்டிப் பார்த்து, "மச்சான், இந்த வருசமும் நீதான்டா ஃபஸ்ட் ரேங்க், பள்ளிக்கூடத்துல படிச்சப்ப எங்கடா போச்சு இந்த மூளை?" என்பார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கூட்டம் போட்டு, ஞாபகம் குறையாதவர்கள் என்று சிலருக்குச் சால்வை போர்த்தினார்கள், அதில் அப்பாவும் ஒருவர். அதனால்தான் வினோதினி, நான் பார்த்த எதையும் நான் நம்பவில்லை. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தேடுவார், ஒரே கதையை ஒரே சாப்பாட்டில் மூன்று தடவை சொல்வார். வயசு ஆகிறது, பரீட்சையில்தான் எல்லாம் சரியாகச் சொல்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தை மாதம் ரேகா வந்தாள். அவர்கள் ஆபீசில் வார்த்தைகளை மாற்றியிருக்கிறார்கள், அது எங்களுக்குத் தெரியாது. அவள் வேறு பத்து வார்த்தை சொன்னாள். பூசணிக்காய், கடிதம் என்று ஏதோ ஆரம்பித்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "குடை, மாம்பழம், சாவி, ஆறு" என்று பழைய பத்தையும் கடகடவென்று சொல்லி முடித்தார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் முகம் மாறினாலும், "சரிங்க ஐயா, ரொம்ப நல்லா சொன்னீங்க" என்றாள். இந்த வருஷம் வேறு வார்த்தைங்க ஐயா என்று இன்னொருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் மறுபடி குடை என்றுதான் ஆரம்பித்தார். வாசல்வரை கொண்டுவிடப் போனபோது, "அக்கா, ஐயா சாப்பிட்ட நேரம், கிழமை எல்லாம் சரியா சொல்றாரா? பக்கத்துத் தெருவுக்குப் போய்ட்டு வந்துடறாரா?" என்று கேட்டாள். சாவி தேடுவதையும் ஒரே கதையைத் திரும்பச் சொல்வதையும் சொன்னேன், அவளுக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் சுப்பராயலு மாமா வந்து அழுதார். அவர் வீட்டுக்குக் காலையிலும் நம் வீட்டுக்கு மத்தியானமும் வருவார்கள், நடுவில் மதில் ஓரம் நின்று பத்து வார்த்தையையும் அப்பாவுக்கு மனப்பாடம் செய்துகொடுப்பாராம். "தங்கச்சி, முத வருசம் வெளயாட்டாத்தான் பிட்டு குடுத்தேன். அடுத்தடுத்த வருசம் பாக்குறேன், அவனுக்கு நிக்கல, மறக்குது. நாலு பேருக்கு முன்னாடி அவன் முழிக்கக்கூடாதுன்னு பத்து நாளு முந்தியே சொல்லிக் குடுத்தேன். இந்த வருசம் எங்க வூட்டுக்கு வராம நேரா உங்க வூட்டுக்கு வந்துட்டாங்க, வார்த்த மாறினது எனக்கே தெரியாது. இவ்ளோ பெரிய சீக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நண்பன் தலைகுனியக் கூடாது என்று நினைத்ததைத் தவிர அவர் என்ன செய்தார்.

ரேகாவே சொல்லி ஏற்பாடு செய்ய, அப்பாவைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மறதி நோய்தான், மூன்று நான்கு வருஷமாக இருந்திருக்கும், மாத்திரை கொடுத்தால் கொஞ்சம் மெதுவாகப் போகும், திரும்பி வராது என்று டாக்டர் சொன்னார். இனி ஆராய்ச்சிக்காரர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ரேகா அப்படி இல்லை என்றாள். கடைசிவரைக்கும் வருவார்களாம், தளர்ந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு உண்மையாக இருக்குமாம், ஆனால், "இனிமே ஐயாவைக் கேக்கறதையெல்லாம் உங்களைக் கேட்டுக்கறோம் அக்கா" என்றாள். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "ஏன், என்னக் கேட்டா என்னா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நீ மாதம் ஒருமுறை பேசும் ரெண்டு நிமிஷம் அவர் நன்றாகவே பேசுகிறார், குழந்தை எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று கேட்கிறார். அதை வைத்து நீ ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, உன்மேல் குறை இல்லை. போனை வைத்ததும் யாரோடு பேசினேன் என்று என்னைக் கேட்பார்.

போன மாதம் நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது, அவர் இல்லை. சுப்பராயலு மாமாவும் நானும் கோயில் தெரு, ஸ்டேஷன், மார்க்கெட் எல்லாம் தேடினோம். இருட்டுகிற நேரத்தில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது. அங்கே டைம்கீப்பராக இருக்கும் கொளஞ்சியப்பன் அப்பாவோடு வேலை பார்த்தவர், உனக்கும் தெரிந்திருக்கும். "அண்ணன் இங்க புவனகிரி பஸ்ஸு நிக்கிற இடத்துல மத்தியானத்துலேருந்து உக்காந்திருக்காரும்மா, அண்ணி ஊர்லேருந்து வருவாங்க, கூப்ட்டுக்கினு போகணும்ன்றாரு" என்றார். உன் அம்மாவைத்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள் போகும்வரைக்கும் கொளஞ்சியப்பன் டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார், நல்ல மனுஷர். அதற்கப்புறம் ரெண்டு தடவை அப்படிக் கிளம்பிவிட்டார். ஒருமுறை ரோட்டின் நடுவிலேயே நின்றிருக்கிறார், லாரிக்காரன் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறான். இப்போது நான் ஸ்கூலுக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். உள்ளே இருந்து கதவைத் தட்டும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

உன் அம்மாவைப் பற்றி, ராமாமிர்தம் அக்கா தவறிட்டாங்க என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சுவரையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டி, "எங்கப்பா படம் இருக்குது, எங்கம்மா படம் இருக்குது, மால போட்டிருக்குது, பொட்டு வச்சிருக்குது, லைட்டு எரியுது. அவ செத்திருந்தா அவ படம் எங்க? படம் இல்லாத ஆள செத்துட்டான்னு எப்டி சொல்ற நீ?" என்று கேட்டார். உன் அம்மாவின் வாக்காளர் அட்டை ஒன்று பெட்டியில் இருந்தது, ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாலை போட்டு டிவி மேல் வைத்தேன். கண்ணும் மூக்கும் கலங்கலாக வந்திருந்தது. "யார் வூட்டு அம்மா இது, நம்ம வூட்ல எதுக்கு?" என்று கேட்டார், எடுத்துவிட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெயில் நாளில் குழந்தைக்கு மோர் கொடு, ஏசியிலேயே வைத்திருக்காதே. தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு நீ நன்றாக இருக்கவேண்டும், மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். அப்பாவோடு பேசும்போது இதையெல்லாம் கேட்டுவிடாதே, பயந்துபோவார்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும், அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். எங்கள் கல்யாணத்தன்றைக்கு ஹாலில் இருந்த உன் அம்மா படத்தை நீ கழற்றி எடுத்துக்கொண்டு போனாய். நீ செய்தது நியாயம்தான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் படம் இங்கே இருந்தால் அவர் வெளியே தேடிப் போகமாட்டார் என்று நினைக்கிறேன். ஒருவேளை பார்த்துப் பார்த்து அழுவார், வீட்டுக்குள்ளேயே அழட்டும். தபாலில் அனுப்பினால் கண்ணாடி உடைந்துவிடும், முடிந்தால் உன் கையாலேயே எடுத்துக்கொண்டு வா, உன்னை அடையாளம் தெரிகிறபோதே வா. அந்த ஆணியில் இன்றுவரை நான் ஒரு காலண்டர்கூட மாட்டவில்லை.

இப்படிக்கு,
அமராவதி