சர்வர் கொடுக்கும் பெயர்

ஜூலை 21, திங்கள்

நானும் நடேசனும் பிரிந்துவிட்டோம். பத்தொன்பது வருடக் கூட்டு. போர்வெல் சாமான் விற்கும் திருச்செங்கோட்டுக் கடையும் ஆறு கணினிகளும் எனக்கு. சேலத்துக் கிடங்கு அவனுக்கு. 'நடேசன் காதர்' என்ற கடைப் பெயர் யாருக்கு என்பது மட்டும் இழுபறி.

காரணம்: அவன் மருமகனைக் கல்லாவில் உட்காரவைக்க நான் ஒப்பவில்லை. மற்றதெல்லாம் சாக்கு.

பேய்க்காற்று. கதவைத் திறந்தால் போர் போடும் ரிக் லாரிகளின் புழுதி.

முடிவாகும்வரை பொறுக்க மனமில்லை. ஒவ்வொரு கணினியாகத் திறந்து, டொமைன் என்று கடைப் பெயர் இருக்கும் இடத்தில் 'நடேசன்காதர்' அழித்து 'காதர்' போட்டேன். முக்கால் மணி நேர வேலை.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் கணினிகளைப் போட்டால் ஆறிலும் மறுபடி நடேசன்காதர். மாற்றினேன். மதியம் கரண்ட் போய் வந்தது. பழையபடி.

பில் போடும் சாந்தி: "ஏனுங்க பாய், அது சர்வர்ல இருந்து வருதுங்க. நீங்க இங்க அழிக்க அழிக்க, அது அங்கிருந்து குடுத்துக்கிட்டேதான் இருக்கும்."

டிஹெச்சிபி என்பது இதுதானாம். கணினி எழுந்ததும் சர்வரிடம் கேட்கும். சர்வர் ஒரு எண், கணினிக்கு ஒரு பெயர், கடையின் டொமைன், மூன்றையும் சேர்த்துக் கொடுத்தனுப்பும். லினக்ஸ் என்றால் காசில்லை என்று நான்தான் போடச் சொன்னேன். படித்து, சர்வரில் எல்லாம் எழுதிவைத்தவன் நடேசன். கணினிகளுக்குப் பெயர் வைத்தவனும் அவன்: பில், ஸ்டாக், கேட். என்னுடையது 'முதலாளி'. அவனுடையது 'எடுபிடி'.

பாஸ்வேர்டு அவனுக்கு மட்டுமே தெரியும். போன் செய்தேன்.

"போன்ல வேண்டாங்க பாய். நானே வாரேன்."

என்னிடம் அவன் 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை.

ஜூலை 24, வியாழன்

வந்தான். அவன் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. நின்றுகொண்டே சர்வரில் தட்டினான்.

"உக்காரு நடேசா."

"இருக்கட்டுங்க."

'நடேசன்காதர்' என்ற வரி திரையில் வந்தது. தட்டுவதை நிறுத்தினான்.

"சேலத்துல என்ன பேரு வெக்கறான் உம்மருமகன்?"

"இந்தப் பேரையேதான் கேக்கறானுங்க. பழைய பேருக்குத்தான் ரிக்காரங்க வருவாங்கன்னு."

"எம்பேரையும் சேத்தியா?"

"சேத்தித்தானுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெயரை நான் விடாமல் பிடித்திருந்ததும் அதே கணக்கில்தான். அதைச் சொன்னேன். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப ரெண்டு பேருக்குமே வேண்டாம். நீ அழி."

"நெசமாத்தான் சொல்றயா பாய்?"

'ங்க' இல்லை. தலையை ஆட்டினேன்.

அழித்தான். 'காதர்' என்று அடித்தான். கீழே 'எடுபிடி' இருந்தது.

"இது கெடக்கட்டும்" என்றேன்.

"ஆளில்லாத மிசினுக்கு என்னத்துக்குப் பேரு?" அதையும் எடுத்துவிட்டான்.

ஆறையும் அணைத்துப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் சரி. டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்துவிட்டு ஈரோடு பஸ்ஸைக் காட்டி, நேரமாச்சு என்றான். சேலம் போகிறவனுக்கு எதிர்த்திசையில் போகும் ஈரோடு பஸ் எதற்கு. கேட்கவில்லை.

போகுமுன் பேசி முடித்தது: பழைய பெயர் இருவருக்கும் இல்லை. துளை போடும் பிட்டும் ஹேமரும் விற்பது நான், கம்ப்ரசர் சாமான் அவன். அவன் ஊரில் நான் கடை போடுவதில்லை, என் ஊரில் அவன் போடுவதில்லை. பிள்ளைகள் காலத்துக்கும் இதே பேச்சு.