பழைய பேனலை மறுபடி சொருகாதீர்கள்

செருப்பைக் கழற்றியதும் நீங்கள் நேராக இந்தப் பெட்டியருகேதான் வருவீர்கள். அதனால்தான் சீட்டை சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் மேலேயே ஒட்டியிருக்கிறேன்.

கோபத்தில் போனையும் விட்டுவிட்டுப் போனீர்கள். கரண்ட் இன்னும் வரவில்லை. பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அத்தையின் ஆக்சிஜன் மெஷின் அதை நம்பித்தான் ஓடுகிறது.

பழைய பேனலின் ஒயரை உருவிவிட்டேன். உருவியதும் திரையில் பேட்டரிக்குள் போகும் கரண்டின் எண் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். "சும்மா வர்ற வெயிலை எதுக்குடி வேண்டாங்கறே?" என்று காலையில் கத்தினீர்களே, அந்தச் சின்னப் பேனல் புதிய பேனலையும் தன் வோல்டேஜுக்குக் கீழே இழுத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து தருவதைவிடப் புதியது தனியாக அதிகம் தருகிறது. உங்கள் காலில் விழுகிறேன், மறுபடி சொருகாதீர்கள். அதைத் தூக்கிப் போட மாட்டேன். நீங்கள் முதுகில் சுமந்து மாடியேற்றியது ஆயிற்றே. பிறகு தனி கன்ட்ரோலர் வாங்கி மாட்டுவோம்.

அண்ணன் பட்டறையில் பேட்டரி கேட்கப் போகிறேன். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா அத்தையோடு இருக்கிறார். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

ஃபேன் போட வேண்டாம். லைட்டும் வேண்டாம்.

இன்னொன்று. "உங்கம்மாவை நீங்களே கொன்னுடுவீங்க" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அது அத்தை காதிலும் விழுந்துவிட்டது. ஆனால் மூச்சிரைப்புக்கு நடுவில் அவர் கேட்டதெல்லாம், "அவன் சாப்பிட்டானா?"

உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. சார்ஜில் போட்டுவிடாதீர்கள். என்னைத் திட்டுவதென்றால், வந்ததும் நேரில் திட்டுங்கள்.