இருபதாம் எண்

ஐப்பசி 12, செவ்வாய்க்கிழமை.

எங்கள் பயிற்சி மையத்தின் லினக்ஸ் வகுப்பை இனி யார் நடத்துவது என்பதை மையத்தை நடத்தும் சார் நாளை அறிவிப்பார். நானா, மூன்று மாதங்களுக்கு முன் வந்த பட்டதாரி செல்வியா?

இன்று அவள் ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை அமைத்தாள். இயக்குமுன் அதற்கு நெட்வொர்க் முகவரியாக ஓர் எண் தர வேண்டும். ஒரே எண்ணை இரண்டு கருவிகள் கொண்டால் இரண்டுமே தடுமாறும்.

"அக்கா, இருவது காலியா கீது. பிங் பண்ணேன், பதிலே வர்ல. ஆப் பண்ணி வச்சது எதுனா அந்த நம்பர்ல கீதா?"

இப்படிக் கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இருபது, அணைத்து வைத்திருந்த பிரின்டரின் எண். இங்குள்ள எண்கள் அனைத்தும் எனக்கு மனப்பாடம். யாரும் கற்பிக்காமல் நானே வகுத்தவை. மாணவர்கள் முன் அவள் திணறட்டும் என்று எண்ணி, "இல்லை" என்றேன்.

அவளோ அதோடு விடாமல், அணைந்திருந்த பிரின்டரை ஆன் செய்து அந்த எண்ணுக்கு மீண்டும் அழைப்பு அனுப்பிச் சோதித்தாள். இருபதிலிருந்து பதில் வந்தது. வேறு எண்ணைக் கொடுத்து இயக்கினாள், ஒன்றும் கெடவில்லை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாரின் காதுபட, "மறந்துட்டிருப்பீங்க, வுடுங்கக்கா. இத்தினி நம்பர யாரு ஞாபகம் வச்சிக்கினு இருப்பாங்க?" என்று சிரித்தாள்.

"நோட்ல எழுதி வைம்மான்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்றார் சார்.

நான் மறக்கவில்லை. அதை நிரூபிக்கப் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டாலும் வகுப்பு போகும், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் போகும். மறதிக்காரி என்ற பெயரோடு போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.