கடலுக்குப் போகாத சோறு

7 ஆகஸ்ட் 1953, வெள்ளி

பள்ளிக்கூரையில் மறுபடியும் ஓட்டை. மழை நேராக என் மேசைமேல்தான் விழுகிறது. இந்த எஸ்டேட்டில் மழைக்குக்கூட டீச்சர் என்றால் இளக்காரம்.

மத்தியானம் துரை கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசையாம். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்கள் கோல சிலாங்கூர் கடற்கரைக்குப் போகக் கேட்டிருக்கிறார்கள். லோரி தருகிறேன், நீயும் பெரிய பிள்ளைகளை அழைத்து வா என்றார். இதில் அவருக்கும் ஆதாயம் உண்டு. பிரைஸ் துரைக்குப் பறவைப் பைத்தியம். அவர் பிறந்த வேல்ஸ் நாட்டுக் கடற்கரைப் படம் ஒன்று ஆபீசில் தொங்குகிறது: செங்குத்தான பாறை, பாறை முழுக்க வெள்ளைப் புள்ளியாகப் பறவைகள். ஜனங்களுக்குத் துணையாகத் துப்பாக்கிப் போலீஸ் வரும்போது தானும் பைனாகுலரோடு ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா?

ஒரே நிபந்தனை. ஒரு பருக்கை சோறு கேட்டைத் தாண்டக்கூடாது. காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடும் என்று ஆறு மாதமாக இதுதான் சட்டம். கேட்டில் பெண்களைச் சோதிப்பது நான். தினமும் விடியற்காலை, பள்ளிக்கு முன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உலு யாம் சாலையில் என் தம்பி பெர்னாட்டைச் சுட்டுப்போட்டவர்களுக்கு என் கையைத் தாண்டி ஒரு பிடி சோறு போகாது என்று நானாகக் கேட்டு வாங்கிய வேலை.

9 ஆகஸ்ட், ஞாயிறு

கை இன்னும் நாறுகிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுவிட்டேன். சோற்றுக்கு இப்படி ஒரு நாற்றமா?

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கேட்டில் பதினாலு பெண்கள். வேலம்மா ஆறாவது. ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் சன்னாசியை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடக் கொண்டுபோனான், திரும்பவில்லை. மகன் முருகையா இரண்டு வருஷமாக ஊரில் இல்லை. கிள்ளானில் வேலை என்பாள் அவள். காட்டுக்குப் போய்விட்டான் என்பார்கள் மற்றவர்கள்.

கொண்டையைத் தொட்டேன். ஈரம். பிரித்தால் வாழையிலை, உள்ளே நெல்லிக்காய் அளவில் இரண்டு சோற்று உருண்டை. கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வண்டு விழுந்த அரிசி என்று நினைத்தேன்.

"டீச்சரம்மா, காக்காய்க்குத்தான்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

இலையை மடித்தேன். காவலரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். யோசித்தா செய்தேன்? இல்லை. பெர்னாட்டின் சட்டையில் இருந்த ஓட்டைதான் கண் முன்னால் நின்றது. காவலர் வேலைக்குப் புதிது. பிடித்த பொருளை எடுத்து வைக்கவேண்டும் என்றுகூடத் தெரியாமல், பிரித்தும் பார்க்காமல், அப்படியே வேலிக்கு அப்பால் வீசினார். இலை விரிந்து விழுந்தது. எங்கிருந்தோ காக்கைகள் இறங்கிக் கொத்தித் தின்றன. வேலம்மா இரண்டு கையையும் கூப்பினாள். காவலரைக் கெஞ்சுகிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜீப்பில் ஏற்றினார்கள். கேட் புத்தகத்தில் "வேலம்மா, கொண்டையில் சோறு" என்று எழுதியது நான்தான்.

பிறகு லோரி புறப்பட்டது. ஆமாம், நானும் போனேன்.

மலாவத்திக் குன்றில் சாம்பல் நிறக் குரங்குகள். குட்டிகள் மட்டும் மஞ்சளாக, வேறு யாரோ பெற்றுப்போட்டதுபோல. ஒரு தாய்க் குரங்கு என் மடியருகே வந்து, மூடியிருந்த கையை விரல் விரலாகத் திறந்து பார்த்தது. உள்ளே ஒன்றுமில்லை. அது என் முகத்தைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

கீழே கடல் வெகுதூரம் வற்றிக் கிடந்தது. சேற்றில் மீன்கள் காலில்லாமலே நடக்கின்றன, பிள்ளைகள் கூச்சல். செம்பருந்துகள் வட்டமிட்டன. நீண்ட மூக்குப் பறவைகள் ஆயிரக்கணக்கில் எழுந்து, ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக உட்கார்ந்தன. துரை குழந்தை மாதிரி சிரித்து நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொண்டார். அழகுதான். அழகில்லை என்று சொல்லமாட்டேன்.

படகுத்துறைக் கல்லில் லயத்துக்காரர்கள் வரிசையாக நின்று வெறுங்கையால் தண்ணீரை அள்ளி விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவர் நிறையக் காக்கைகள். ஒன்றுகூடக் கத்தவில்லை. காத்திருந்தன. லோரி கிளம்பிய பிறகும் காத்திருந்தன.

10 ஆகஸ்ட்

பள்ளிக்கூரையில் ஒரு காக்கை. மணி அடித்தும் போகவில்லை.

16 ஆகஸ்ட், ஞாயிறு

வேலம்மாவின் பக்கத்து வீட்டு நவமணி குழாயடியில் என்னை மறித்துக்கொண்டாள். வேலம்மாவைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம். கப்பலேற்றி இந்தியாவுக்கே விரட்டினாலும் விரட்டுவார்களாம். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே பிறந்தவள்.

"சட்டம் என்று ஒன்று இருக்கிறதே நவமணி" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"அந்தச் சோத்துல எள்ளு இருந்துச்சா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க லா."

கருப்பாக ஒட்டியிருந்தது. இருந்தது என்றேன்.

"எள்ளுச் சோறு செத்தவங்களுக்கு டீச்சர். உசுரோட காட்டுல கெடக்கற புள்ளைக்கு எந்தத் தாயாவது அதக் குடுப்பாளா? நாயிகூடக் குடுக்காது. சன்னாசி அண்ணனுக்குத்தான்னு போலீஸ்ல தலையில அடிச்சிக்கிட்டு அழுதுருக்கு. யாரு நம்பறா?"

வண்டு என்று நினைத்தேனே! இத்தனை வருஷம் இந்த ஜனங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன், எள்ளுக்கும் வண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கோயில் பக்கமே தலை வைத்துப் படுக்காத கிறிஸ்தவச்சி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா? அன்றைக்கு அவள் கை கூப்பியது காவலரைப் பார்த்து அல்ல. காக்கையைப் பார்த்து.

நாளைக்கே துரையிடம் சொல்லவேண்டும்.

17 ஆகஸ்ட்

சொல்லவில்லை.

8 அக்டோபர், வியாழன்

இன்னும் சொல்லவில்லை. காட்டுக்காரர்களுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று என் பெயரும் ஒரு தாளில் ஏறிவிடும் என்ற பயம். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லக்கூடாது.

இன்று மறுபடி ஓர் அமாவாசை. லயத்தில் வாசலுக்கு வாசல் கூரையில் சோறு வைத்திருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே வைக்கத் தடையில்லை. வேலம்மா வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கூரையிலும் நாலு காக்கை உட்கார்ந்திருந்தது.

நவமணியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்: ஒருவருக்கு எத்தனை உருண்டை வைப்பீர்கள்?

"எங்க லயத்துல ஆளுக்கு ஒண்ணு. ஏன் டீச்சர்?"

சும்மா என்றேன்.

இலையில் இரண்டு இருந்தது. ஒன்று சன்னாசிக்கு.

கடவுளே, அப்படியானால் முருகையா செத்துப்போய்விட்டான். யாரோ காட்டிலிருந்து வந்து அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை அவள் வெளியே சொன்னால், சொன்னது யார், காட்டோடு உனக்கு என்ன பேச்சு என்று கேட்பார்கள். கிள்ளானில் இருக்கிறான் என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டு தினமும் பால்வெட்டுக்குப் போயிருக்கிறாள். நானும் தினமும் அவள் உடம்பைத் தடவிச் சோதித்திருக்கிறேன். எதைக் கண்டுபிடித்தேன்?

2 நவம்பர், திங்கள்

கல்லறைத் திருநாள். கை நிறைய மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டுபோனேன். காவலர் கேட்டைத் திறந்து சலாம் வைத்தார். யாருக்கு என்று என்னை யாரும் கேட்கவில்லை.

பெர்னாட்டின் சிலுவையில் பாசி. சுரண்டித் துடைத்தேன். இருபத்துநாலு வயதுப் பிள்ளை. டேய், அன்றைக்கு உன்னைச் சுட்டவர்களில் முருகையாவும் இருந்தானா? உனக்காவது தெரியுமா? இருந்திருந்தால் நான் என்ன செய்யவேண்டும்? வெறுக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. அவன் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாமல் என் மேசைக்குக் கீழே ஒளிந்ததுதான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு அழ ஒரு கல்லறை இருக்கிறது. நன்றாக அழுதேன்.

3 நவம்பர், செவ்வாய்

துரையிடம் சொன்னேன். எள், காக்கை, அமாவாசை எல்லாம். அவர் நம்பாமல் பைப்பைக் கடித்தார். "நல்ல கதை, யூஜினியா. முகாம் கைதிகளை விசாரிக்கும் கமிட்டிக்குக் கதை போதாது" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த நோட்டுப்புத்தகம் ஞாபகம் வந்தது. கடற்கரையில் பறவை குறித்தீர்களே, பழைய வருஷங்களைப் பாருங்கள் என்றேன். புரட்டினார். 1951 ஆகஸ்ட் இரண்டாம் தேதி: படகுத்துறையில் காக்கை இருநூறுக்கு மேல், காரணம் தெரியவில்லை. மற்ற நாட்களில் பத்து, பன்னிரண்டு. அந்த வருஷத்துத் தமிழ் நாள்காட்டியை ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடமிருந்து வரவழைத்துத் தேதியைக் காட்டினேன். ஆடி அமாவாசை. துரை திரும்பிப் படத்திலிருக்கும் தன் ஊர்ப் பாறையைப் பார்த்தார்.

"எங்கள் கடற்கரையில் மீனவர் சாவுக்குக் கடற்பறவைகள் கூடும் என்பார்கள். நான் அதை எழுதி வைத்ததில்லை" என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "கமிட்டிக்கு எழுதுகிறேன். எத்தனை உருண்டை?"

"ஒன்று."

"நிச்சயமாக?"

"ஒன்றுதான் சார். அவள் புருஷனுக்கு."

என் வாழ்நாளில் சுத்தமாக, நாக்குக் குழறாமல் சொன்ன முதல் பொய்.

30 ஜனவரி 1954, சனி

வேலம்மா வந்துவிட்டாள். பாதியாக இளைத்து. கேட்டில் இறங்கியவள் என்னைப் பார்த்தாள். நான் "வாங்க அக்கா" என்றேன். அவள் நிற்காமல் லயத்தை நோக்கி நடந்தாள். என்னத்துக்கு நிற்கவேண்டும்?

3 பிப்ரவரி, புதன்

தை அமாவாசை. கடற்கரைக்கு லோரி. துரை இந்த முறை அனுமதிச் சீட்டு வாங்கித் தந்திருக்கிறார்: ஆளுக்கு ஒரே ஒரு உருண்டை, கையில் வெளிப்படையாக, இறந்தவர் பெயர் எழுதி.

வேலம்மா நாலாவது. சீட்டில் சன்னாசி. உள்ளங்கையில் இலை, இலையில் ஒரு உருண்டை, எள் தூவியது. காவலர் எண்ணிப் பார்த்துத் தலையசைத்தார். இப்போதெல்லாம் அவர் எண்ணுகிறார்.

மிச்சம் என் வேலை. மடி பார்த்தேன். முந்தானை பார்த்தேன். கொண்டையில் கை வைத்தேன்.

ஈரம்.

 அவள் கழுத்து அசையவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு காக்கை கத்தியது. கொண்டை கொஞ்சம் தளர்ந்திருந்தது, லோரி குலுக்கலில் அவிழ்ந்துவிடும். இரண்டு கையாலும் இறுக்கி முடிந்து, என் தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துச் செருகிவிட்டேன்.

"போங்க அக்கா" என்றேன்.

கேட் புத்தகத்தில் எழுதினேன்: வேலம்மா, ஒரு உருண்டை, அனுமதி உண்டு. வேறொன்றும் இல்லை.