முகத்தைத் திருப்பாதே

6-11-1976, சனி

இன்று சோலையப்பனை இரண்டு முறை அறைந்தேன். முதல் அறை பந்து வரும்போது முகத்தைத் திருப்பியதற்கு. இரண்டாவது, ஏன்டா திருப்பினாய் என்று நான் கேட்டபோது சிரித்ததற்கு.

என் கோல்கீப்பர் ஹமது கணுக்கால் சுளுக்கி வீட்டில் படுத்துவிட்டான். பம்பாயிலிருந்து வரவேண்டிய கோல்கீப்பர் சாமான்கள் இன்னும் கப்பலில் மிதக்கின்றன. டிசம்பர் பத்தாம் தேதி பஹ்ரைன் கல்லூரிக்காரர்களோடு ஆட்டம். காலிக் கோலில் அடித்துப் பழகினால் அது ஹாக்கியா, கோலிக்குண்டா?

போன வாரம் மைதானத்து ஓரத்தில் கட்டுகிற பார்வையாளர் மேடையை வேடிக்கை பார்த்தேன். கீழே ஒருவன் கல்லை வீசுகிறான். சாரத்தில் நிற்கிறவன் அதை வெறும் கையால் பிடித்து அடுக்குகிறான். அரை மணி நேரம் நின்றேன். ஒரு கல்கூடத் தவறவில்லை. கீழே வீசியவன் வைரவன், மேலே பிடித்தவன் சோலையப்பன். இரண்டு பேரும் முதுகுளத்தூர் பக்கம், ஒரே ஊர். ஃபோர்மேனிடம் பேசி, பிடிக்கிறவனைத் தினமும் மாலை ஒரு மணி நேரம் இரவல் வாங்கிவிட்டேன்.

“கல்லு கைக்கு வரும் சார். இது மூஞ்சிக்கில்ல வருது” என்கிறான். வாய் வேறு.

அடியாத மாடு படியாது. மதுரையில் பதினேழு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்து கற்ற பாடம் இந்த ஒன்றுதான். என்னிடம் அடி வாங்கியவர்களில் நாலு பேர் மாநில அணிக்கு ஆடினார்கள்.

9-11-1976, செவ்வாய்

டைரக்டர் டாக்டர் ஷௌகத் புதுச் சட்டம் மாட்டியிருக்கிறார். அவர் எகிப்துக்காரர், இந்த வளைகுடா நாட்டு ஸாஹில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கே தலைவர். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் நாலு நெறிகள், அரபியிலும் ஆங்கிலத்திலும்: மரியாதை, பொறுமை, சகோதரத்துவம், நேர்மை. அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி. பயிற்சியாளர் எவரும் மாணவர் மீது கை வைக்கக் கூடாது.

கேப்டன் நாசர் இன்று நாற்பது நிமிஷம் தாமதம். காரை மைதானக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டே வந்தான். மதுரையாக இருந்தால் அந்த ஆரஞ்சு மூக்கு வழியாக வெளியே வந்திருக்கும். கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். உள்ளேயே அரித்தது.

வீட்டுக்கு வந்து மகள் ராதாவைக் கணக்குத் தப்பாகப் போட்டதற்கு அடித்தேன். ஒன்பது வயசுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியவில்லை. அவள் அம்மா ஜலஜா தோசைக்கரண்டியோடு வந்து நின்று, “அங்க அடக்கி வச்சதையெல்லாம் ஃபர்வானியா வீட்டுல கொண்டாந்து கொட்டாதீங்க” என்றாள்.

13-11-1976, சனி

திருப்புவதை நிறுத்திவிட்டான்.

முறை இதுதான். நான் கோல் வலைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். முகம் ஒரு விரற்கடை திரும்பினாலும் பிடரியில் ஒன்று. பந்து பட்டால் வலிக்குமோ என்ற பயத்தைவிட என் கை பற்றிய பயம் பெரிதாக இருக்க வேண்டும். அப்புறம் தானாகக் கண் பந்தின் மேலேயே நிற்கும். ஐந்து நாள் போதுமாக இருந்தது.

சாரத்திலிருந்து வைரவன் கூப்பிட்டான். “சார், அவன் ஆத்தாகூட அவன இப்புடி அடிச்சதில்ல சார்.” கீழே இறங்கி வா, உனக்கும் தருகிறேன் என்றேன். இறங்கவில்லை.

14-11-1976

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எனக்கே இப்படி என்றால் அவன் பிடரி — சரி, போதும்.

20-11-1976, சனி

என்ன ஆட்டக்காரன் இவன். நாசர் இருபது கார்னர் அடித்தான், சோலையப்பன் பதினேழைத் தடுத்துவிட்டான். கையில் கொத்தனார் போடுகிற கித்தான் உறை, காலில் டயர் செருப்பு. பந்து கிளம்பும் முன்னாலேயே கை அங்கே போய்விடுகிறது. இவன் மட்டும் பள்ளிக்கூடம் போயிருந்தால், பதினாறு வயசில் என் கையில் கிடைத்திருந்தால்! சந்தோஷத்தில் அவன் முதுகில் ஓங்கித் தட்டினேன். அடிக்கப்போகிறேன் என்று நினைத்து முகத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றான்.

பையன்கள் நாசரைப் பார்த்துச் சிரித்தார்கள். கூலிக்காரன் தடுக்கிறானாம். பதினெட்டாவது பந்துக்கு அப்புறம் நாசர் நேராகக் கோலுக்கு நடந்துபோய், மட்டையால் சோலையப்பன் முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போட்டான். எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. சோலையப்பன் என்னைப் பார்த்தான்.

“வலிக்கலன்னு சொல்லு” என்றேன்.

“வலிக்கல சார்.”

மிச்சம் இரண்டு பந்தையும் ஒற்றைக் காலில் நின்று தடுத்தான்.

23-11-1976, செவ்வாய்

நாசர் கோலைக் குறி பார்க்கவில்லை, ஆளைக் குறி பார்க்கிறான். பந்தை வேண்டுமென்றே எழுப்புகிறான். இன்று விலாவில் இரண்டு, தோளில் ஒன்று. எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் விசில் ஊதவில்லை, ஏனென்றால் அடி நன்றாக இருக்கிறது. இந்த வேகத்தில் அடித்தால் பஹ்ரைன்காரன் நிற்க மாட்டான். எனக்கு இந்த ஆட்டம் வேண்டும். ஜெயித்தால் ஒப்பந்தம் இன்னும் மூன்று வருஷம்.

சோலையப்பன் போகும்போது, “நாளைக்கி மட்டும் சாரத்துலயே நின்னுக்கிடட்டுமா சார்?” என்று கேட்டான். முடியாது என்றேன்.

27-11-1976, சனி

எழுத முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மாலை ஐந்து மணிக்குக் கடைசிக் கார்னர். ஒருவன் பந்தைத் தள்ளிவிட்டான், ஒருவன் நிறுத்தினான், நாசர் ஓடிவந்து அடித்தான். மட்டை சாய்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது அது எங்கே போகப்போகிறதென்று. திருப்புடா என்று கத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை. கத்தலை. நான் கத்தவே இல்லை.

அவன் திருப்பவில்லை. இரண்டு கண்ணையும் திறந்து பந்தையே பார்த்துக்கொண்டு நின்றான், நான் பழக்கினபடியே.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். இடது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. விரலிடுக்கு வழியாகக் கோல் கோட்டுச் சுண்ணாம்பில் சொட்டியது. விழுந்து கிடந்தபடி கேட்டான்: “பந்து உள்ள போயிருச்சா சார்?”

போகவில்லை. அவன் முகத்தில் பட்டு வெளியே போயிருந்தது.

வைரவன் சாரத்திலிருந்து குதித்து ஓடிவந்தான். நாசரின் சட்டையில் கை வைப்பதற்குள் நாலு பேர் மட்டையால் அவன் முதுகில் சாத்தினார்கள். மண்ணில் உருட்டி உருட்டிச் சாத்தினார்கள். நான் நடுவில் விழுந்து தடுத்தேன். நாசர் தள்ளி நின்று, “மாஃபி முஷ்கிலா, கோச். ஒரு பிரச்சினையும் இல்லை. வேற ஒரு கூலியைக் கொண்டு வாங்க” என்றான்.

பதினேழு வருஷமாக நினைக்கும் முன்னால் எழுகிற கை. எழவில்லை. அவன் கன்னம் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. என்ன கை இது? ஆள் பார்த்துத்தான் எழுமா? தூ.

28-11-1976, ஞாயிறு

ஆஸ்பத்திரி. வார்டில் கௌஸ் முகைதீன் என்று கீழக்கரைக்காரர் ஒருவர் நர்ஸாக இருக்கிறார். டாக்டர் சொன்னதை அவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். கண் கிழிந்துவிட்டது, பார்வை வராது. அந்தக் கண்ணைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே விட்டுவைத்தால் நல்ல கண்ணையும் கெடுத்துவிடும். ஆபரேஷனுக்கு டிசம்பர் எட்டாம் தேதி குறித்திருக்கிறார்கள்.

எய்தவன் நாசர் என்று ஜலஜாவிடம் சொன்னேன். “எய்தவன் அவன். நிக்க வச்சது யாரு?” என்றாள். தட்டைத் தூக்கி எறிந்தேன். சோறு சுவரெல்லாம் ஒட்டியது. அவள் துடைத்தாள்.

29-11-1976, திங்கள்

டைரக்டர் ஒரு தாளை நீட்டினார். மாணவர்கள் பழகும்போது கட்டடத் தொழிலாளி ஒருவன் அனுமதியில்லாமல் குறுக்கே வந்து அடிபட்டான் என்று டைப் அடித்திருந்தது. தலைக்கு மேலே நாலு நெறிகள், நாலாவது நேர்மை.

“அவன் கோலில் நின்றான், டாக்டர்.”

“அவன் மாணவன் இல்லை. நம் விதிகள் மாணவர்களுக்கு.”

கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தம், ராதாவின் பள்ளிக்கூடம், மதுரையில் பாதி எழும்பி நிற்கும் வீடு, எல்லாம் ஞாபகம் வந்தது. அதே கையால்தான் போட்டேன்.

சாயங்காலம் வார்டுக்குப் போனால், அவனும் போலீஸிடம் அதையே சொல்லியிருக்கிறான். “நானாத்தேன் குறுக்க போனேன்னு சொல்லிட்டேன். ஒங்க பேர இழுக்கல சார், பயப்படாதீக.”

1-12-1976, புதன்

என்னை ஒருவன் அடித்தான். நாற்பத்திரண்டு வயசில் முதல் தடவை.

வார்டில் சோலையப்பன் கட்டில் காலியாக இருந்தது. தொழிலாளர் கேம்ப்புக்குப் போனேன். தகரக் கொட்டகையில் கண்கட்டோடு படுத்திருந்தான், காய்ச்சல். அத்துமீறி உள்ளே நுழைந்தவன் என்று பல்கலைக்கழகத்தின் காகிதம் போனதும், அவன் விசாவுக்குப் பொறுப்பான அரபி முதலாளி, கபீல், ஆளை அனுப்பி ஆஸ்பத்திரியிலிருந்து இழுத்து வந்துவிட்டான். ஆறாம் தேதி பம்பாய்க் கப்பலில் ஏற்றுகிறார்கள். எட்டாம் தேதி ஆபரேஷன். பம்பாய் போய்ச் சேரவே ஒரு வாரம், அப்புறம் ரயில், அப்புறம் ஆஸ்பத்திரி தேட வேண்டும். அதற்குள் அந்த வலது கண்ணும்…

வைரவன் வாசலில் என்னை மறித்தான். “ஒத்தக் கண்ணு போச்சு. இப்ப ரெண்டாவதும் போகப் போகுது. ஒங்க ஒத்தக் கையெழுத்துல. அவன் பொண்டாட்டி வடிவுக்கு நான் என்னன்னு எழுதுறது, சொல்லுங்க.” நான் வாயைத் திறந்தேன். ஓங்கிக் குத்தினான். அப்புறம் இன்னொன்று. கீழே விழுந்ததும் விலாவில் உதைத்தான். யாரும் தடுக்கவில்லை. உள்ளேயிருந்து சோலையப்பன் மட்டும் “விடுறா, சார்றா, விடுறா” என்று கத்தினான்.

உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறது, ஒரு பல் ஆடுகிறது. முதல் குத்து கண்ணுக்குத்தான் வந்தது. நான் முகத்தைத் திருப்பினேன், அதனால் வாயோடு போயிற்று. யாரும் சொல்லிக்கொடுக்காமலே திருப்பினேன்.

2-12-1976

தூங்கவில்லை. டூட்டிக்கும் போகவில்லை.

3-12-1976, வெள்ளி

ராதா பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். என் மேலெல்லாம் பால். கை எழுந்தது. ஆமாம், இவ்வளவுக்கு அப்புறமும் எழுந்தது.

குழந்தை ஓடவில்லை. கண்ணை மூடவில்லை. முகத்தை நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு, “ஐ ஆம் நாட் டர்னிங், அப்பா” என்றாள்.

திருப்பினால் இரண்டு அடி. வீட்டிலும் அதுதான் என் சட்டம். எப்போது போட்டேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை, அவளுக்கு இருக்கிறது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். உதட்டுத் தையல் பிரிந்துவிட்டது.

4-12-1976, சனி

கௌஸ் முகைதீனைப் பார்த்துக் கேட்டேன், கப்பலை எப்படி நிறுத்துவது என்று. அவர் வராந்தாவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “போலீஸ் கேஸ்னு ஆயிட்டா, முடியிற வரைக்கும் அந்த ஆள நாட்ட விட்டு அனுப்ப முடியாது சார். ஆனா கேஸுன்னா, ஒருத்தர் மேல இருக்கணும்ல?”

ஆஸ்பத்திரி போலீஸ் அறையில் போய் உட்கார்ந்தேன். அவன் குறுக்கே வரவில்லை, நான்தான் கோலில் நிறுத்தினேன் என்றேன். காப்பு எதுவும் கொடுக்காமல் நிறுத்தினேன். போக வேண்டும் என்று கேட்டவனைப் போகவிடவில்லை. முகத்தைத் திருப்பினால் அடிப்பேன் என்று பழக்கினேன். நான் கையெழுத்துப் போட்ட தாள் பொய். நாசர் வேண்டுமென்றே ஆளைக் குறி பார்த்தான், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுதிக்கொண்ட ஆள் நாசரின் குடும்பப் பெயரைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார். அந்த ஒரு வரியை எழுதவில்லை. மற்றதெல்லாம் எழுதிக்கொண்டு என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். சரி. கேஸ் ஆகிவிட்டது.

6-12-1976

கப்பல் போய்விட்டது. அவன் அதில் இல்லை, போலீஸ் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த வார்டில் இருக்கிறான்.

8-12-1976, புதன்

கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றது பிழைக்கும் என்கிறார் டாக்டர்.

9-12-1976, வியாழன்

வேலை போயிற்று. துறையின் நெறிகளை மீறினேனாம். நாலில் எதை என்று கேட்டேன். விசுவாசத்தை என்றார் டைரக்டர். அந்தத் தாளில் அது இல்லையே என்றேன். எழுதாமலே தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

18-12-1976, சனி

பஹ்ரைன்காரர்களை இரண்டு கோலில் ஜெயித்தார்களாம். இரண்டும் நாசர், இரண்டும் கார்னர். நான் பழக்கினது. கேட்டதும் ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்தது, பொய் சொல்வானேன்.

ஜலஜாவும் ராதாவும் புதன்கிழமை ஊருக்குப் போய்விட்டார்கள். கேஸ் முடியாமல் நான் நகர முடியாது, கோர்ட்டு என்ன சொல்லுமோ தெரியாது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பெட்டியோடு நின்றபோது வைரவன்தான் வந்தான். “அவன் கட்டுலு சும்மாத்தேன் கெடக்கு, வாங்க” என்றான். மூன்று நாளாகக் கேம்ப்பில், சோலையப்பன் கட்டிலில் படுக்கிறேன். வைரவன் காலையில் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக் கொடுத்துவிட்டு, “பல்லு எப்புடி இருக்கு சார்?” என்று கேட்கிறான்.

இன்று இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சோலையப்பன் வலது கண்ணால் என்னை வாசலிலேயே கண்டுபிடித்து, “சட்ட கசங்கியிருக்கே சார்” என்றான். ஹமதுக்குக் கால் சரியாயிருச்சா, கோல்ல யாரு நின்னா என்று கேட்டான். பேசிக்கொண்டிருந்தோம்.

கண்கட்டின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ஓட்டலாமென்று கையைத் தூக்கினேன்.

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. திருப்பட்டும், அப்படித்தான் திருப்ப வேண்டும் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதற்குள் அவன், “மன்னிச்சுக்கங்க சார், திருப்பிட்டேன்” என்று சொல்லி, முகத்தைப் பழையபடி நேராகக் கொண்டுவந்து, இருக்கிற ஒரு கண்ணை இமைக்காமல் என் கைக்கு நேரே வைத்துக்கொண்டான்.

ஈயை வைரவன் ஓட்டினான்.